இடுப்பு வலியெல்லாம் சுளுக்கு அல்ல

துறைமுகத்தில் மூட்டை சுமப்பவருக்கும், உப்பளத்தில் உழைப்பவருக்கும், சங்கு குளிக்கப் போகிறவருக்கும் இடுப்பு வலி புதிதல்ல. "சுளுக்குதான், எண்ணெய் போட்டு உருவி விட்டாச் சரியாப் போகும்" என்பார்கள். பல நேரம் அது சரியே. ஆனால் வலி வாரக்கணக்கில் நீடிக்கிறதா? காய்ச்சல் வருகிறதா? காலை நீட்டினால் வலி கூடி, மடக்கினால் குறைகிறதா? தொடை இடுக்கில் வீக்கம் உண்டா? சோவாஸ் தசையில் சீழ் கட்டியிருக்கலாம்.

காரணம் என்ன?

முதுகெலும்பின் பக்கத்திலிருந்து தொடை எலும்புக்கு இறங்கும் தசையே சோவாஸ். முதுகெலும்பில் டி.பி. என்னும் காசநோய் பிடித்தால், சீழ் இத்தசை வழியே இறங்கித் தொடை இடுக்கில் தலைகாட்டும். நோய் ஓரிடம், வீக்கம் வேறிடம்! இருமல் இல்லாமலும் இருக்கலாம். மற்றச் சீழ்க் கிருமிகளாலும் கட்டி வரும். சர்க்கரை நோயாளிகள் கவனமாயிருக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது எப்படி?

இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்வார்கள். ஊசியால் சீழ் எடுத்து, எந்தக் கிருமி என்று சோதிப்பார்கள்.

சிகிச்சை என்ன?

தேவைப்பட்டால் குழாய் வைத்துச் சீழை வடிப்பார்கள். கிருமிக்கேற்ற மருந்து தருவார்கள். முதுகெலும்புக் காசநோய்க்கு 12 முதல் 18 மாதம் வரை மாத்திரை சாப்பிட வேண்டும். "வலி போச்சே" என்று நடுவில் நிறுத்தாதீர்கள். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். சத்துணவுக்கான உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய்.

செய்யக் கூடாதவை

வீக்கத்தை உருவாதீர்கள், கீறி விடாதீர்கள். தாமதித்தால் முதுகு கூனலாம், கால்கள் செயலிழக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே வாருங்கள்.

உழைக்கும் உடம்பு, குடும்பத்தின் சொத்து!