அனுமதிப்பத்திரத்துக்கு யார் காசு கட்டுகிறார்?

இரத்தினபுரிப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு அனுமதிப்பத்திரம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. மாணிக்கக் குழி வெட்டவும் கல் வாங்கி விற்கவும் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் பத்திரம் வேண்டும். குழி வெட்டுபவர் கட்டணத்தோடு, பின்னர் குழியை மூடுவதற்கென்று வைப்புப் பணமும் கட்டுகிறார். அப்படியும் மூடாத குழிகள் கிடக்கின்றன. அவற்றில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது. அந்தச் செலவு எந்தப் பற்றுச்சீட்டிலும் வராது. அதைக் கட்டுவது பக்கத்து லயத்துச் சனங்கள்.

இதே கணக்கை இம்முறை வள்ளத்துக்குப் போட்டுப் பார்ப்போம். மலைப் பக்கத்தில் வள்ளம் எதற்கு என்று கேட்பீர்கள். உடவளவை நீர்த்தேக்கத்தில் மீன்பிடித்து வாழும் குடும்பங்கள் உண்டு. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களுகங்கை பெருகியபோது இரத்தினபுரியில் ஆட்களை மீட்க வள்ளம்தான் வந்தது. மண்சரிவில் காணியை இழந்தவர்கள் வேறு தொழில் தேடும்போது நன்னீர் மீன்பிடியும் ஒரு வழியே.

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டப்படி மீன்பிடி வள்ளங்களைப் பதிவு செய்ய வேண்டும். அது வள்ளத்துக்கு. அதைச் செய்பவருக்கும் விற்பவருக்கும் அரசு பத்திரம் கொடுத்துக் கட்டுப்படுத்துவது நல்லதா என்பதே நமது கேள்வி.

ஒரு பட்டறைக்காரருக்குக் கட்டணம், பயணம், அலைச்சல் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 30,000 ரூபா போகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து வள்ளம் செய்பவர் ஒன்றின் விலையில் 3,000 ரூபாவைக் கூட்டுவார். இரண்டே வள்ளம் செய்யும் சிறியவர் 15,000 ரூபாவைக் கூட்ட வேண்டும். அவரிடம் யார் வாங்குவார்? அவர் பட்டறையை மூடுவார். பெரியவர் சொன்னதே விலையாகும். வாங்க முடியாதவர் ஓட்டை வள்ளத்துக்கு ஒட்டுப் போடுவார், அல்லது லொறி டியூபைக் கட்டி மிதப்பார். பாதுகாப்புக்கென்று வந்த சட்டம் அவரை டியூபில் ஏற்றிவிடுகிறது.

அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா? 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டின் மீன்பிடி வள்ளங்களில் பெரும்பங்கு அழிந்தும் சேதமாகியும் போயிற்று. உதவிப் பணம் குவிந்தது. அனுபவமில்லாதவர்களும் பட்டறை திறந்து பைபர் வள்ளம் செய்தார்கள். அவற்றுள் பல தரங்குறைந்தவை என்று ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் எச்சரித்தது. பைபர் வள்ளத்தில் இது பெரிய சிக்கல். பாய் எத்தனை அடுக்கு போட்டார்கள், பசை சரியாக இறுகியதா, கவிழ்ந்தாலும் மிதக்க உள்ளே நுரை வைத்தார்களா என்பதெல்லாம் வர்ணம் பூசியபின் கண்ணுக்குத் தெரியாது. செய்யும்போதே வந்து பார்க்க ஒருவர் வேண்டும். பத்திரத்துக்குக் கொடுக்கும் காசு அந்த ஆளுக்கான சம்பளமாக வேண்டும்.

ஆள் வராவிட்டால் என்ன ஆகும்? 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம். சனங்களுக்கு வேறு கிட்டிய வழி இல்லை. அனுமதி கொடுத்தது யார் என்ற கேள்வி பாராளுமன்றம் வரை போயிற்று. பிள்ளைகளை ஏற்றுமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

உங்கள் சங்கம் வள்ளம் வாங்க நினைத்தால், விலை பேசுமுன் பட்டறைக்குப் போய், வர்ணம் பூசாத வள்ளத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒருவருக்கு ஒரு நாள் பேர் போகும். பரவாயில்லை, சங்கம் அதைக் கொடுக்கலாம். எத்தனை பேரை ஏற்றலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பத்திரத்தை நீட்டினால், கடைசியாக யார், எந்தத் தேதியில் வந்து வள்ளத்தைப் பார்த்தார் என்று கேளுங்கள்.