பயிற்சியாளரும் பகடையும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்

கால்பந்தில் வென்றால் கோல் அடித்தவனைத் தோளில் தூக்குகிறோம். தோற்றால் பயிற்சியாளரைத் தேடுகிறோம். கல்லூரி மைதானமாயினும், கண்மாய்க்கரைத் திடலாயினும், பெருநகர அரங்கமாயினும் இவ்வழக்கம் ஒன்றே. "கோச்சை மாத்து!" என்னும் குரல் தோல்வி கண்ட மாலைகளில் எங்கும் எழுவது. அக்குரலை எழுப்பியவர்களுள் நானும் ஒருவன். அன்று நான் எழுப்பிய குரல் நியாயமானதுதானா என்பதை, வகுப்பில் கற்ற நிகழ்தகவின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளியிறுதி வகுப்பில் படித்தபோது எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு சுழற்கோப்பைப் போட்டி நடந்தது. ஏழு குழுக்கள். ஒவ்வொரு குழுவும் மற்ற ஆறோடும் ஆட வேண்டும். எங்கள் குழுவுக்குப் பயிற்சியளித்தவர் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. சம்பளம் கிடையாது. காலை ஐந்தரைக்கெல்லாம் மேற்கு மலை கருநீலமாகத் தெரியும் வேளையில் விசிலோடு நிற்பார். பந்து கிழிந்தால் தம் கைக்காசில் தைத்துக் கொடுப்பார். அவ்வாண்டு ஆறு ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றோம். ஆறாவது ஆட்டம் முடிந்ததும் கோட்டுக்கு வெளியே நின்ற நாங்கள் நாற்பது பேர் அவரைச் சூழ்ந்துகொண்டோம். யார் என்ன சொன்னார்கள் என்பது இப்போது முக்கியமில்லை. நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "உமக்குப் பஞ்சர் ஒட்டத்தான் தெரியும், அண்ணாச்சி." அவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் குழுத் தலைவன் கையில் கொடுத்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். ஏறி மிதிக்கவில்லை. மறுநாள் முதல் திடலுக்கு வரவில்லை.

இது நிற்க. கணக்குக்கு வருவோம்.

ஓர் ஆறுமுகப் பகடையை எடுத்துக்கொள்வோம். 1 அல்லது 2 விழுந்தால் வெற்றி, 3 அல்லது 4 விழுந்தால் சமநிலை, 5 அல்லது 6 விழுந்தால் தோல்வி என வைத்துக்கொள்வோம். இப்பகடைதான் நம் குழு. நல்லதுமில்லை, கெட்டதுமில்லை, நடுத்தரக் குழு. இதற்குப் பயிற்சியாளரே கிடையாது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இப்பகடையை ஆறு முறை உருட்டினால் ஒரு வெற்றிகூடக் கிடைக்காமற்போகும் வாய்ப்பு என்ன? ஒரு முறை வெல்லாமலிருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. ஆறு முறையும் அவ்வாறே நேர அதனை ஆறு முறை பெருக்க வேண்டும். விடை 729-இல் 64. ஒரே ஒரு வெற்றி கிடைக்கும் வாய்ப்பு? அவ்வெற்றி ஆறு ஆட்டங்களில் எதுவாகவும் இருக்கலாமாதலால் விடை 729-இல் 192. இரண்டையும் கூட்டினால் 729-இல் 256. அதாவது நூற்றுக்கு 35. எந்தக் குறையுமில்லாத ஒரு நடுத்தரக் குழு, ஆறு ஆட்டங்களில் ஒன்றுக்கு மேல் வெல்லாமற்போவது மூன்று தடவைக்கு ஒரு தடவை நேரக்கூடியது! ஏழு குழுக்களும் அப்பகடையைப் போலச் சரிநிகராக இருந்தாலும், சராசரியாக இரண்டு குழுக்களுக்கேனும் அக்கதி நேரும். அந்த இரண்டு ஊர்களிலும் இரண்டு அண்ணாச்சிகள் விசிலைக் கழற்றிக் கொடுத்திருப்பார்கள்.

கூடைப்பந்தில் ஓர் ஆட்டத்துக்கு எண்பது, நூறு புள்ளிகள் விழுகின்றன. ஒரு பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தால் பெரிய நட்டமில்லை. கால்பந்தில் தொண்ணூறு நிமிடம் ஓடினாலும் விழுபவை இரண்டோ மூன்றோ கோல்கள். ஒரு பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனால் ஆட்டமே போயிற்று. எண்ணிக்கை குறையக் குறையத் தற்செயலின் ஆட்சி மிகும் என்பது புள்ளியியலின் அரிச்சுவடி. ஆகவே கால்பந்தில் நான்கைந்து முடிவுகளை வைத்துக்கொண்டு ஒருவருடைய திறமையை எடைபோடுவது மிகவும் ஆபத்தானது.

நம் மாநிலத்திலேயே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. சென்னையின் எஃப்.சி. குழு 2014-இல் தொடங்கப்பெற்று இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடிவருகிறது. 2015-இல் இத்தாலி நாட்டு மார்க்கோ மாத்தராசி பயிற்சியளித்தார். பட்டியலின் கடைசியில் கிடந்த குழு அடுத்தடுத்து வென்று மேலேறியது. சென்னையில் பெருவெள்ளம் வந்து அரையிறுதியைப் புனேயில் ஆட நேர்ந்தபோதும் தளராமல், கோவாவை 3–2 என வென்று கோப்பையைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு அதே மாத்தராசியின் கீழ் எட்டுக் குழுக்களில் ஏழாம் இடம். பிறகு இங்கிலாந்தின் ஜான் கிரகரி வந்தார். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு அணியை அதன் சொந்த மண்ணிலேயே 3–2 என வென்று இரண்டாம் முறை கோப்பை. அடுத்த பருவத்தில் அதே கிரகரியின் கீழ் பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றிகள், பதின்மூன்று தோல்விகள். பத்துக் குழுக்களில் பத்தாம் இடம். ஓராண்டுக்குள் அவருடைய அறிவு எங்கே போயிருக்கும்?

கிரகரி அதற்குப் பின்னும் நீடித்தார். 2019–20 பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட விழவில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் ஹைதராபாத்தை 2–1 என வென்றது. அம்மூன்று கோல்களும் தொண்ணூறு நிமிடம் கடந்த பிறகே விழுந்தன. ஆறாவது ஆட்டம் சமநிலை. ஆறில் ஒரு வெற்றி. எங்கள் ஊர்க் குழுவின் கணக்கே! கிரகரி விலகினார். ஸ்காட்லாந்தின் ஓவன் காயில் வந்தார். எஞ்சிய பன்னிரண்டு லீக் ஆட்டங்களில் ஏழு வெற்றிகள். அதே வீரர்கள், அதே சட்டைகள். குழு இறுதியாட்டம் வரை சென்றது. 2020 மார்ச் 14 அன்று, கொரோனா காரணமாகப் பார்வையாளர் எவருமில்லாத கோவா அரங்கில், கொல்கத்தாக் குழுவிடம் 1–3 எனத் தோற்றது. காயிலை எல்லோரும் மந்திரவாதி என்றனர். பின்னர் அவரே திரும்பவும் சென்னைக்கு வந்தார். 2024–25 பருவத்தில் அவரிருக்கப் பதின்மூன்று குழுக்களில் பதினோராம் இடம் கிடைத்தது.

இந்த ஏற்ற இறக்கத்தை விளக்கும் விதி ஒன்று நம் பாடத்தில் உண்டு. பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1886-இல் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் அளந்து பார்த்தார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமானவர்களே, ஆயினும் சராசரியாகப் பெற்றோரளவு உயரமில்லை. மிகக் குள்ளமானவர்களின் பிள்ளைகள் சற்று உயர்ந்திருந்தனர். ஓரத்துக்குப் போனது நடுவை நோக்கித் திரும்புகிறது. இதைச் சராசரிக்குத் திரும்பல் என்பர். தற்செயல் கலந்த எந்த அளவீட்டிலும் இது நிகழும்.

இப்போது பயிற்சியாளரை நாம் எப்போது மாற்றுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். குழு அடிமட்டத்துக்கு விழுந்த நாளில்தான் மாற்றுகிறோம். அடிமட்டத்திலிருந்து பெரும்பாலும் மேலேதான் போக முடியும். ஆறு முறை உருட்டி ஒரு வெற்றி மட்டும் பெற்ற பகடையை எடுத்து மறுபடி ஆறு முறை உருட்டினால் சராசரியாக இரண்டு வெற்றிகள் விழும். இடையில் பகடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினால், புதுக் கைக்குப் புகழ் சேர்கிறது. எங்கள் ஊரிலும் அதுவே நடந்தது. அடுத்த ஆண்டு புதுப் பயிற்சியாளர் வந்தார். ஆறில் மூன்று வெற்றி. மாலை போட்டுப் பட்டாசு வெடித்தோம். மாலையைப் பிடித்தவர்களிலும் நான் இருந்தேன்.

இஃது என் ஊகம் மட்டுமன்று. நெதர்லாந்தின் முதல்நிலை லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்தவற்றைப் பாஸ் தெர் வேல் என்னும் பொருளியலாளர் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார். அவர் செய்த நுட்பம் பாராட்டத்தக்கது. தொடர்ந்து தோற்றுப் பயிற்சியாளரை நீக்கிய குழுக்களை ஒருபுறம் வைத்தார். அதே அளவு தோற்றும் நீக்காமல் பொறுத்திருந்த குழுக்களை மறுபுறம் வைத்தார். நீக்கிய குழுக்கள் மீண்டன. நீக்காத குழுக்களும் ஏறத்தாழ அதே அளவு மீண்டன. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது கூட்டம் இல்லாவிட்டால், மீட்சி முழுவதும் நீக்கியதன் பலனாகவே நம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். மருந்து உட்கொண்டவர்களை மட்டும் பார்த்துவிட்டுக் காய்ச்சல் தணிந்தது மருந்தால்தான் என்று சொல்லும் பிழையும் இத்தகையதே.

"அப்படியானால் பயிற்சியாளர் எதற்கு? பகடையே போதுமே" என்று நண்பர்கள் கேட்கலாம். என்னுடன் பேருந்தில் வரும் நண்பன் ஒருவன் கேட்டேவிட்டான். கேள்வி நியாயமானது. விடையாக 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டைச் சொல்வேன். இந்தியாவின் பயிற்சியாளர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0–2 எனத் தோல்வி. அன்றைக்கே "மாற்று" என்று கூவியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த ஆட்டத்தில் தாய்லாந்தை வென்றோம். ஆனால் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்டது. அவரை உட்கார வைப்பதுதான் எவரும் செய்யக்கூடியது. ரகீம் அரையிறுதியில் அவரை முன்வரிசையில் நிறுத்தினார். தற்காப்பு வீரர் அரையிறுதியிலும் கோல் அடித்தார், இறுதியாட்டத்திலும் அடித்தார். முதல் நாள் நம்மைத் தோற்கடித்த அதே தென்கொரியாவை 2–1 என வென்று தங்கம் பெற்றோம். இதைப் பகடை செய்யாது.

சென்னையின் கணக்கையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நடுத்தரப் பகடை ஒன்று பதினெட்டு முறையில் இரண்டுக்கு மேல் வெல்லாமற்போகும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுதான். ஆகவே 2018–19 பருவத்தின் வீழ்ச்சியை முழுதும் அதிர்ஷ்டத்தின் தலையில் ஏற்ற என் கணக்கு இடம் கொடுக்கவில்லை, ஏதோ பழுதுபட்டிருந்தது. காயிலின் பன்னிரண்டில் ஏழும் பகடை எளிதில் தருவதன்று. ஆறு ஆட்டங்கள் பேசாத உண்மையைப் பதினெட்டு ஆட்டங்கள் ஓரளவு பேசுகின்றன.

என் தந்தை தறி நெய்பவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கால்பந்து அவருக்குத் தெரியாது; நிகழ்தகவு என்ற சொல்லையும் கேட்டதில்லை. இக்கணக்கை அவருக்குச் சொன்னபோது, "ஒரு சாண் இழை அந்துச்சுன்னா நூலு சரியில்லாம இருக்கும். சேலை முழுக்க அந்துக்கிட்டே வந்தாத்தான் தறியைப் பாக்கணும்" என்றார். மூன்று பக்கத்தில் நான் எழுதியதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

சரி, கோட்டுக்கு வெளியே நிற்கும் நாம் எதைத்தான் பார்ப்பது? கோல்களை விட்டுவிட்டு வாய்ப்புகளை எண்ணலாம். இன்று பெரிய லீக்குகளில் ஒவ்வோர் உதையும் எங்கிருந்து, எந்தக் கோணத்தில் அடிக்கப்பட்டது என்று பார்த்து, அது கோலாகும் வாய்ப்பைக் கணித்துக் கூட்டுகிறார்கள். நம்மிடம் கணினி இல்லாவிட்டாலும் ஒரு நோட்டும் பென்சிலும் போதும். காலைப் பயிற்சிக்கு எத்தனை பேர் வருகிறார்கள், மூலை உதைக்கு யார் எங்கே நிற்பது என்று ஒத்திகை நடந்ததா, களைத்தவனை எந்த நிமிடத்தில் மாற்றினார் என்பவை பயிற்சியாளரின் கையிலிருப்பவை. இவற்றில் குறை கண்டால் தாராளமாகக் கேட்கலாம். ஐந்தரை மணிக்கு ஒருநாளும் திடலுக்குப் போகாத நாங்கள் நாற்பது பேரும் இவற்றில் எதையும் கேட்கவில்லை.

சென்ற பொங்கல் விடுமுறையில் இக்கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அண்ணாச்சியின் கடைக்குப் போனேன். போவதற்கு எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அழுத்திக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். 35 என்ற எண்ணை மட்டும் இரண்டு முறை கேட்டார். கையைத் துடைத்துத் தாளை வாங்கி, எழுத்துக்கூட்டாமல் வெறுமனே பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நீ சொல்லுதது சரியாத்தாம்லே இருக்கும். ஆனா அஞ்சாவது ஆட்டத்துல எடது பக்கம் நின்ன பயலுக்குக் கால் சுளுக்கு. எனக்குத் தெரியும். ஆள் மாத்தாம விட்டுட்டேன். அந்த வழியாத்தான் ரெண்டு கோலும் வந்துச்சு. நீங்க ஒருத்தரும் அதைக் கேக்கல. அது இந்தக் கணக்குல வருமா?"

"வராது, அண்ணாச்சி" என்றேன்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மறுபடியும் டியூபைத் தண்ணீரில் அழுத்தினார்.