கதைச்சுருக்கத்துக்கு மார்க் கிடையாது!

ப்ளஸ் டூ இங்கிலீஷ் பேப்பருக்கு நோட்ஸை மனப்பாடம் பண்ணி எழுதியது ஞாபகம் இருக்கா? அமெரிக்காவில் கிட்டத்தட்ட அதே வயதில், பல பள்ளிகளில் பதினோராம் வகுப்பில், அமெரிக்க இலக்கியமும் கட்டுரைப் பயிற்சியும் சேர்த்துப் படிக்கிறார்கள். அங்கே மனப்பாடம் கைகொடுக்காது.

அந்த வயதில் பலர் எழுதும் ஏ.பி. தேர்வில் மூன்று கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் 6 புள்ளி. உங்கள் மையக் கருத்துக்கு 1, ஆதாரத்துக்கும் அதன்மேல் நீங்கள் தரும் விளக்கத்துக்கும் 4. மிச்சம் 1 முதிர்ச்சியான சிந்தனைக்கு. அது கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆக, சண்டையே அந்த 4 புள்ளிக்குத்தான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஃப்ரெடரிக் டக்ளஸ் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1838-ல் தப்பி, 1845-ல் சுயசரிதை எழுதியவர். பால்டிமோரில் சிறுவனாக இருந்தபோது எஜமானி அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார், கணவர் தடுத்துவிட்டார். அப்புறம் தெருவில் ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்து, பதிலுக்குப் பாடம் கற்றுக்கொண்டார்.

"டக்ளஸ் ரொட்டி கொடுத்துப் படித்தார்" என்று எழுதினால் அது கதைச்சுருக்கம். லேப் ரெக்கார்டில் ரீடிங் மட்டும் போட்டு இன்ஃபரன்ஸை விட்டமாதிரி. "சுதந்திரமான பையன் பசியோடு நிற்கிறான், அடிமைப் பையன் கையில் ரொட்டி இருக்கிறது, இருவரையும் ஒரே தெருவில் நிறுத்தி, தனக்குப் பெரிய பசி எது என்று வாசகரையே டக்ளஸ் யோசிக்க வைக்கிறார்" என்று எழுதிப் பாருங்கள். அதே ரொட்டிதான். ஆனால் இப்போது பேசுவது நீங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அடிமை ஒழிப்பு மேடைகளில் டக்ளஸ் பேசியபோது, கூட இருந்த வெள்ளைக்கார நண்பர்களே "நடந்ததை மட்டும் சொல், தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிற மாதிரி அறிவுரை சொன்னார்களாம். அதாவது ஆதாரம் உன்னுடையது, விளக்கம் எங்களுடையது! அவர் ஒத்துக்கொள்ளவில்லை. விளைவு, இவ்வளவு நன்றாகப் பேசுகிறவர் அடிமையாக இருந்திருப்பாரா என்றே கூட்டத்தில் சந்தேகம் வந்தது. அதற்குப் பதிலாகத்தான் எஜமானர்களின் பெயர், ஊர் எல்லாம் போட்டுப் புத்தகம் எழுதினார். ஆதாரத்துக்கு அவர் கொடுத்த விலை பெரியது. பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அதே ஆண்டு கடல் தாண்டி அயர்லாந்து, பிரிட்டன் போகவேண்டியதாயிற்று. அங்கிருந்த நண்பர்கள் 1846-ல் பணம் கட்டி அவர் விடுதலையை வாங்கினார்கள்.

கட்டுரையில் எதை எழுதுவது என்பதோடு, எதை விடுவது என்பதும் பாடம்தான். எஜமானர் பெயரைப் போட்ட டக்ளஸ், பாடம் சொல்லிக்கொடுத்த பையன்களின் பெயரைப் போடவில்லை. அடிமைக்குப் படிப்புச் சொல்லிக்கொடுப்பது அன்று பெரிய குற்றமாகப் பார்க்கப்பட்டதால், அவர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று. தப்பித்த வழியையும் சொல்லவில்லை. சொன்னால் பின்னால் வருகிறவர்களுக்கு அந்தக் கதவு அடைபட்டுவிடும். அடிமைமுறை 1865-ல் ஒழிந்த பிறகு, 1881-ல் வந்த சுயசரிதையில்தான் அதை விரிவாக எழுதினார்: மாலுமி உடை போட்டு, நண்பர் ஒருவரின் மாலுமிச் சான்றிதழை வைத்துக்கொண்டு ரயில் ஏறினாராம்.