மழைக் கணக்கு

கொழிஞ்சாம்பாறையில் ஒரு டீக்கடை. வைகாசி முடியப் போகிறது. வானத்தில் மேகம் இல்லை.

"ஏனுங்க மாமா, கடலைக்கு உழவு ஓட்டலாமுங்களா?"

"மழை எங்கே மாப்பிள்ளை? விதைக்கடலையை வறுத்துத் தின்ன வேண்டியதுதான்."

கேரளத்தில் நல்ல மழை என்பார்கள். மேற்கே பெய்கிற மழை நம் கிழக்குப் பகுதிக்கு வருவதில்லை. மழை தவறினாலும் கடன் தவறாது. மழை வருமா என்று முன்பே தெரிந்தால் எவ்வளவு நல்லது!

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் கொடிய பஞ்சம். லட்சக்கணக்கான மக்கள் இறந்தார்கள். 1899இல் நாட்டில் மீண்டும் மழை பொய்த்தது. ஏன் பொய்க்கிறது?

1904இல் கில்பர்ட் வாக்கர் இந்திய வானிலைத் துறையின் தலைவர் ஆனார். நம் நாட்டுக் கணக்கு மட்டும் அவருக்குப் போதவில்லை. பல நாடுகளின் மழை, வெப்பம், காற்றழுத்தக் கணக்குகளைத் திரட்டினார். அன்று கணினி கிடையாது. நம் நாட்டு எழுத்தர்கள் கையாலேயே கணக்குப் போட்டார்கள். அவர்கள் பெயரை இன்று யார் நினைக்கிறார்கள்?

ஓர் உண்மை தெரிந்தது. பசிபிக் கடல் பக்கம் காற்றழுத்தம் ஏறினால், இந்துமாக்கடல் பக்கம் இறங்குகிறது. அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. தராசுத் தட்டு போல! ஒரு நாட்டுக் கணக்கை மட்டும் பார்த்தால் இது தெரியுமா?

பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவதை எல் நினோ என்கிறார்கள். அப்போது நம் இடவப்பாதி மழை பெரும்பாலும் குறையும். 2002, 2009, 2015 ஆண்டுகளில் நாட்டில் மழை குறைந்தது. எப்போதும் அப்படி இல்லை. 1997இல் பெரிய எல் நினோ வந்தது. ஆனாலும் நாட்டில் மழை குறையவில்லை. எல் நினோ ஆண்டில் ஐப்பசி மழை கூடுதலாகப் பெய்வதும் உண்டு. நமக்கு இரண்டு மழையும் வேண்டுமே!

இன்று நம் நாட்டில் தினமும் காலை 8.30 மணிக்கு மழையை அளக்கிறார்கள். காற்றை அளக்கப் பலூன் விடுகிறார்கள். நமக்குக் காலை 5.30, மாலை 5.30 மணி. மற்ற நாடுகளிலும் அதே வேளையில் விடுகிறார்கள். அந்தக் கணக்குகள் நாடு விட்டு நாடு போகின்றன.

இடையில் ஒரு சிக்கல் வந்தது. இந்தக் கணக்குகளை விலைக்கு விற்கலாம் என்று சில நாடுகள் நினைத்தன. ஏழை நாடுகள் என்ன செய்யும்? 1995இல் உலக வானிலை அமைப்பு ஜெனீவாவில் கூடியது. முக்கியமான வானிலைக் கணக்குகளை விலை இல்லாமல், தடை இல்லாமல் தர வேண்டும் என்று முடிவு செய்தது.

மாப்பிள்ளை இதைப் படித்துக் காட்டினார். மாமா சிரித்தார்.

"பக்கத்துத் தோட்டத்துக்காரன் போரில் எத்தனை அடியில் தண்ணீர் என்று நம்மிடம் சொல்ல மாட்டான். கடல் தாண்டி இருக்கிறவன் சொல்கிறானா?"