நர்சிங் சேர நீட் எழுத வேண்டுமா?

பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு, எட்டு செமஸ்டர். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, சேருகிற ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்துத் தேறியிருக்க வேண்டும். கேரளத்தில் அரசுக் கல்லூரி இடங்களுக்கும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் விண்ணப்பம் வாங்கி, ரேங்க் லிஸ்ட் போட்டு, அலாட்மென்ட் நடத்துவது எல்.பி.எஸ். சென்டர். அந்த ரேங்க் லிஸ்டுக்கு அடிப்படை பிளஸ் டூ மதிப்பெண். 2024-25 சேர்க்கையும் அப்படித்தான் நடந்தது.

இருந்தும் கொச்சியில் பள்ளுருத்தி, தோப்பும்படி, மட்டாஞ்சேரி வட்டாரத்துத் தமிழ் வீடுகளில் ஆண்டுதோறும் ஒரே பேச்சு: 'நீட் எழுதலேன்னா நர்சிங்கும் கிடையாதாம்.' ஊரிலிருந்து போன் செய்யும் சித்தப்பா சொல்கிறார், கோச்சிங் சென்டர்க்காரர் சொல்கிறார், சீட் வாங்கித் தருவதாக வரும் ஏஜெண்டும் சொல்கிறார். எந்த ப்ராஸ்பெக்டஸில், எந்தப் பக்கத்தில் அப்படிப் போட்டிருக்கிறது என்று கேட்டால் மூவரிடமும் பதில் கிடையாது. எம்.பி.பி.எஸ். சேர நீட் கட்டாயம் என்பதைக் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குள் கால் வைக்கும் படிப்புக்கெல்லாம் அதை நீட்டிக்கொண்டு போனதுதான் இந்த வதந்தியின் பூர்வீகம். தமிழ்நாட்டிலும் இதே கதை. அங்கே 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்கல்வி நுழைவுத் தேர்வுகளை நீக்கியது. மாநில அரசு நடத்தும் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் நடக்கிறது.

நீட் மதிப்பெண் கேட்கும் இடங்களும் உண்டு. ராணுவ மருத்துவப் பணியின் நர்சிங் கல்லூரிகள் (இவற்றில் பெண்களுக்கு மட்டுமே இடம்), புதுச்சேரி ஜிப்மர் போன்றவை அவை. எய்ம்ஸ் தன் நர்சிங் படிப்புக்குத் தனித் தேர்வு வைக்கிறது. கர்நாடகத்தில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு அந்த மாநிலத்தின் சி.இ.டி. உண்டு. நர்சிங் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு வேண்டும் என்று நர்சிங் கவுன்சில் சொல்லிவருவதும் உண்மை. ஆனால் கவுன்சில் பேசுவது நர்சிங்குக்கென்றே நடத்தும் திறனறித் தேர்வைப் பற்றி. அதை நீட்டோடு போட்டுக் குழப்புவதற்கு நியாயமே இல்லை.

வதந்தி வெறும் பேச்சோடு நின்றால் விட்டுவிடலாம். ஆனால் அது பிளஸ் டூ மதிப்பெண்ணையே கெடுக்கிறது. கேரள ஹயர் செகண்டரி சான்றிதழில் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு ஆண்டு மதிப்பெண்ணும் சேர்ந்தே வருகிறது. எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வுக்கும் வகுப்பு மதிப்பீட்டுக்கும் அதில் பங்கு உண்டு. நர்சிங் மட்டுமே வேண்டும் என்றிருக்கும் பெண், நான்கு விடையில் ஒன்றைக் கறுப்பாக்கும் பயிற்சியில் இரண்டு வருடத்தைக் கழித்துவிட்டு, ரெக்கார்டு நோட்டை முடிக்காமலும் விடையை விரித்து எழுதிப் பழகாமலும் பப்ளிக் தேர்வுக்குப் போகிறாள். எந்த மதிப்பெண்ணுக்கு சீட் கிடைக்குமோ அதைத்தான் இழக்கிறாள். பிறகு 'ரிப்பீட்டர் பேட்ச்' என்று இன்னொரு வருடம், இன்னொரு கட்டணம். டாக்டருக்குப் படிக்க விரும்புபவர் நீட் எழுதட்டும். நர்சிங்குக்காக எழுதச் சொல்பவர் அந்தப் பெண்ணின் ஒரு வருடத்துக்கு உத்தரவாதம் தருவாரா?

நீட் கோச்சிங்குக்கு ஓடும் நேரத்தில் பாதியைச் சான்றிதழ்களுக்குச் செலவிட்டாலே போதும். பிழைப்புக்காகக் கொச்சி வந்து தங்கிவிட்ட குடும்பங்களுக்கு நேட்டிவிட்டி சான்றிதழ்தான் கடைசி நேரத் தலைவலி. பெற்றோர் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கும். விண்ணப்பம் தொடங்கும் முன்பே வில்லேஜ் ஆபீசுக்குப் போய் இதைச் சரிசெய்துகொள்வது நல்லது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை. ஜி.என்.எம். டிப்ளமோவை நிறுத்திவிட்டார்கள் என்பது பொய். நிறுத்தும் யோசனை எழுந்தது, படிப்பு தொடர்கிறது. ஆண்களுக்கு நர்சிங் கிடையாது என்பவர் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் ஐ.சி.யு.வையும் எட்டிப் பார்த்ததில்லை. ஜெர்மன் மொழி தெரிந்தால் போதும், உடனே ஜெர்மனிக்கு நர்சாகப் போய்விடலாம் என்பதும் ஏமாற்று. கேரள அரசின் நோர்கா ரூட்ஸ் நடத்தும் டிரிப்பிள் வின் திட்டத்தில்கூட நர்சிங் தகுதியைக் கேட்ட பிறகுதான் மொழியைக் கேட்கிறார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ படிக்கும் 'நர்சிங் அசிஸ்டென்ட்' கோர்ஸ் முடித்தால் ஸ்டாஃப் நர்ஸ் ஆகலாம் என்பது இவற்றில் ஆபத்தானது. அந்தச் சான்றிதழைக் கொண்டுபோனால் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு கிடைக்காது. பதிவு இல்லாதவர் சட்டப்படி நர்ஸ் அல்ல.

சேரும் முன் படித்துவைக்க வேண்டியது என்ன? 2021-இல் வந்த புதிய பாடத்திட்டப்படி முதல் செமஸ்டரில் ஆங்கிலம், உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், நர்சிங் அடிப்படைகள். பிளஸ் டூ உயிரியலில் மனித உடல் பற்றிய பாடங்களை மறக்காதவருக்கு இது மலையல்ல. உண்மையில் சறுக்குவது கணக்கில், அதுவும் ஐந்தாம் வகுப்புக் கணக்கில். பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. என்று டாக்டர் எழுதினால் 150 மி.கி. கொடுக்க வேண்டும். கையிலிருக்கும் பாட்டிலில் 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றால் 6 மி.லி., 250 மி.கி. என்றால் 3 மி.லி. லேபிளைப் பார்க்காமல் 6 மி.லி. ஊற்றினால் இரண்டாம் பாட்டிலில் இரட்டை டோஸ். டிரிப்பும் அப்படித்தான்: 500 மி.லி. சலைன் நான்கு மணி நேரத்தில் இறங்க வேண்டும், ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. செல்போனை எடுக்காமல் இதைப் போடத் தெரியாதவருக்கு நீட் மதிப்பெண் வார்டில் எதற்கு உதவும்? பிளஸ் டூ வகுப்புகளிலேயே வாரம் ஒரு பீரியட் இந்தக் கணக்குக்கு ஒதுக்கலாம். எந்தப் பள்ளியும் செய்வதாகத் தெரியவில்லை.

கடைசியாகத் தடுப்பூசி. ஊசி முனையும் ரத்தமும் தினமும் கையில் படும் வேலை இது. ஹெபடைடிஸ் பி பரவும் வழியும் அதுவே. சிறு வயதுத் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுக்க வேண்டும். அதில் இந்த ஊசி இல்லையென்றால் மூன்று டோஸ் தேவை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. மார்ச்சில் பரீட்சை முடிந்த வாரத்தில் தொடங்கினால் செப்டம்பரில்தான் முடியும். பள்ளுருத்தி தாலூகா ஆஸ்பத்திரியிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார மையத்திலோ அட்டையைக் காட்டி, அந்த வாரமே கேட்டுவிடுங்கள்.