ஒரே நிறம், வேறு பெயர்

புசா ரோடு பக்கம் ஒரு சந்தில் எங்கள் மாலை வகுப்பு நடக்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டு வேலை செய்யும் அக்காமார். ஒரு நாள் ஓர் அக்கா தைல டப்பி ஒன்றைக் கொண்டு வந்தார்.

"தம்பி, இது நான் எப்போதும் வாங்குகிற தைலம் இல்லை. தேய்த்தால் சூடே ஏறவில்லை. கடைக்காரர் அதேதான் என்கிறார்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். மூடி அதே நிறம். அட்டை அதே நிறம். பெயரில் மட்டும் ஓர் எழுத்து வேறு. அக்கா இப்போது தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆனால் டப்பியில் இருந்தது இந்தியும் ஆங்கிலமும். டெல்லியில் நிறத்தையும் படத்தையும் பார்த்துத்தான் நாம் பல சாமான்களை வாங்குகிறோம்.

"எந்த மார்க் சோப்பு?" என்று கேட்கிறோம் அல்லவா? அந்த மார்க்தான் வணிகச் சின்னம். அது பெயராக இருக்கலாம், படமாக இருக்கலாம். 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டப்படி அதைப் பதிவு செய்யலாம். பதிவு 10 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். இன்னொருவர் அதே போன்ற பெயரை வைத்து விற்றால், முதல் கம்பெனி வழக்குப் போடலாம்.

அப்படி ஒரு வழக்கு நம் டெல்லியிலேயே நடந்தது. ரூஹ் அஃப்சா சர்பத் உங்களுக்குத் தெரியும். வெயில் காலத்தில் வேலை செய்யும் வீடுகளில் கலக்கிக் கொடுத்திருப்பீர்கள். ஹம்தர்த் நிறுவனம் 1907 முதல் அதை விற்கிறது. 2020-ல் வேறொரு கம்பெனி 'தில் அஃப்சா' என்ற சர்பத்தைக் கொண்டு வந்தது. அதுவும் சிவப்பு. ஹம்தர்த் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

முதலில் ஒரு நீதிபதி தடை கொடுக்க மறுத்தார். 'ரூஹ்' என்றால் ஆன்மா, 'தில்' என்றால் இதயம், இரண்டும் வேறு சொல்தானே? ஆனால் 2022 டிசம்பரில் இரு நீதிபதிகள் வேறு விதமாகப் பார்த்தார்கள். ரூஹ், தில் இரண்டும் சேர்த்துப் பேசப்படும் சொற்கள். அஃப்சா இரண்டிலும் உண்டு. ஒன்றைப் பார்த்தவருக்கு மற்றது நினைவு வரும் என்றார்கள். வழக்கு முடியும் வரை தில் அஃப்சா சர்பத்தை விற்கக் கூடாது என்று ஆணையிட்டார்கள்.

நான் இரண்டு பெயரையும் இந்தியில் பலகையில் எழுதினேன். "பின்பாதி ஒரே மாதிரி இருக்கிறதே" என்றார் அக்கா. இந்தி படிக்கத் தெரியாதவர் சொன்னது அது!

2001-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னும் முக்கியம். ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்று இரண்டு மலேரியா மருந்துகள். பெயர் குழம்புகிறது என்று வழக்கு. வெளிநாட்டு அளவுகோல் இங்கே பொருந்தாது என்றது நீதிமன்றம். இந்த நாட்டில் எல்லாருக்கும் பொதுவான ஒரே மொழி இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் ஏராளம். ஆங்கிலம் அறிந்தவர் கொஞ்சம் பேர். மருந்து மாறினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மருந்துப் பெயரில் கூடுதல் கவனம் வேண்டும் என்றது.

"அப்போ கோர்ட்டுக்கு எங்களைத் தெரிந்திருக்கிறது" என்று ஓர் அம்மா சிரித்தார்.

விளம்பரத்திலும் சண்டை வரும். 2010-ல் ரின் சோப்புத்தூள் விளம்பரம் டைடு பாக்கெட்டைக் காட்டி, அதன் வெளுப்பு குறைவு என்பது போலச் சொன்னது. கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. என் சரக்கு நல்லது என்று பெருமை பேசலாம். அடுத்தவர் சரக்கு மட்டம் என்று சொல்லக் கூடாது.

இவை எல்லாம் கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடக்கும் வழக்குகள். யார் ஜெயித்தாலும் அக்காவின் பணம் தானாகத் திரும்பாது. அதற்கு நுகர்வோர் புகார் வேண்டும். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். தமிழிலும் பேசலாம். "பில் இருக்கிறதா?" என்று கேட்டேன். அக்காவிடம் இல்லை. மறுநாள் டப்பியோடு இருவரும் கடைக்குப் போனோம். நான் பெயரைப் படித்துக் காட்டினேன். கடைக்காரர் பேசாமல் மாற்றிக் கொடுத்தார்.

பயிற்சி: வீட்டிலிருந்து இரண்டு பழைய அட்டைகள் கொண்டு வாருங்கள். பெயர், கம்பெனி, ஊர், விலை, தேதி ஆகியவை எங்கே இருக்கின்றன என்று விரல் வைத்துக் காட்டுங்கள். சிறு வட்டத்துக்குள் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா? அது பதிவான பெயருக்கு அடையாளம்.