சிறிய வண்டிக்கு இரண்டு கியர்

புல்வெட்டும் இயந்திரத்தில் உள்ளதைப் போன்ற ஒரு சிறிய எஞ்சின், இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த சட்டம், இரண்டு குட்டிச் சக்கரங்கள். இவையே மினிபைக்கின் முக்கியப் பாகங்கள். 1960-களில் அமெரிக்காவில் இவ்வண்டிகள் பரவலாயின. பலர் தங்கள் வீட்டுப் பட்டறையிலேயே இவற்றைச் செய்து, திறந்தவெளிகளில் ஓட்டி மகிழ்ந்தனர்.

எளிய மினிபைக்குக்கு ஒரே கியர்தான். சமதரையில் அது போதும். மேட்டில் ஏறும்போதுதான் சிக்கல் எழுகிறது. அதை ஓர் எடுத்துக்காட்டின்வழி காண்போம்.

ஒரு மினிபைக்கின் எஞ்சின் நிமிடத்திற்கு 3,600 முறை வரை சுழல்கிறது எனக் கொள்வோம். கியர் விகிதம் 6:1. ஆகவே, பின்சக்கரம் 600 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு வண்டி 1 மீட்டர் நகர்ந்தால், அதன் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர்.

எஞ்சினின் சுழற்சியைச் சங்கிலிக்குக் கொண்டு செல்வது மையவிலக்குக் கிளட்ச். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது இது பிடிக்காது. சுழற்சி கூடக் கூட, உள்ளிருக்கும் கட்டைகள் வெளிப்புறமாக விரிந்து, சுற்றியுள்ள உறையை அழுத்திப் பிடிக்கும். நாம் அன்றாடம் காணும் கப்சாய் மோட்டார் சைக்கிளிலும் இத்தகைய கிளட்ச் உண்டு. அதனால்தான் அதற்கு இடக்கைக் கிளட்ச் பிடி தேவைப்படுவதில்லை.

நம் எடுத்துக்காட்டில், கிளட்ச் முழுமையாகப் பிடிக்க 2,000 சுழற்சி வேண்டும். அப்போது வண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். மேட்டில் வேகம் அதற்கும் கீழே குறைந்தால் கிளட்ச் வழுக்கும், உராய்வினால் சூடேறும், இந்நிலை நீடித்தால் கருகிவிடும்.

இதற்குத் தீர்வு இன்னொரு கியர். கியர் புதிய ஆற்றலை உண்டாக்குவதில்லை. வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவிசையைப் பெற்றுத் தருகிறது. அப்படியென்றால் 12:1 என்ற விகிதத்தில் ஒரு தாழ்ந்த கியரை அமைக்கலாமே! இழுவிசை இரு மடங்காகுமே! ஆனால், அங்கே ஒரு தடை உண்டு. 3,600 சுழற்சியில் 12:1-லிருந்து 6:1-க்கு மாற்றினால், எஞ்சினின் சுழற்சி பாதியாகி 1,800-க்கு இறங்கும். கிளட்ச் மீண்டும் வழுக்கத் தொடங்கும். 9:1 எனில் சுழற்சி 2,400-க்கே இறங்கும். கிளட்ச் பிடியை விடாது. இழுவிசையும் ஒன்றரை மடங்காகும். கிளட்ச் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் வேகத்திலேயே முழுமையாகப் பிடித்துவிடும்.

இனி, அமைப்பைக் காண்போம். கிளட்ச் உறையில் 12 பற்கள் கொண்ட இரண்டு பற்சக்கரங்கள் உள்ளன. அவற்றிலிருந்து இரண்டு சங்கிலிகள் ஓர் இடைத்தண்டுக்குச் செல்கின்றன. அங்கே 36 பற்கள் கொண்ட சக்கரம் ஒன்றும் 24 பற்கள் கொண்ட சக்கரம் ஒன்றும் தண்டின்மீது தனித்தனியே சுழல்கின்றன. இடைத்தண்டிலிருந்து பின்சக்கரத்திற்கு 3:1 விகிதத்தில் மூன்றாவது சங்கிலி செல்கிறது. எனவே, மொத்த விகிதங்கள் 9:1, 6:1 என அமைகின்றன.

இவ்விரு சக்கரங்களும் ஒரே நேரத்தில் தண்டோடு பூட்டிக்கொண்டால் என்ன ஆகும்? ஒரே தண்டை ஒன்று ஒரு வேகத்திலும் மற்றொன்று வேறு வேகத்திலும் சுழற்ற முயலும். சங்கிலி அறுந்துபோகும், அல்லது பின்சக்கரம் இறுகி நின்று, ஓட்டுபவர் தூக்கி எறியப்படுவார். இரண்டு கியர்களுக்கு இரண்டு நெம்புகோல்கள் வைத்தால், ஒரு கணக் கவனக்குறைவே இதற்குப் போதும்.

எனவே, இரு சக்கரங்களுக்கும் நடுவே ஒரே ஒரு பல்வளையம் பொருத்தப்படுகிறது. அது தண்டோடு சேர்ந்து சுழலும்; ஒரு நெம்புகோலால் இடமும் வலமும் நகரும். இடப்பக்கம் சென்றால் தாழ்ந்த கியர். வலப்பக்கம் சென்றால் உயர்ந்த கியர். நடுவில் நின்றால் எதுவும் இல்லை. ஒரு வளையம் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் செல்ல இயலாது. ஆகவே, ஓட்டுபவர் தவறு செய்தாலும் இரு கியர்களும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ள வழியில்லை.

“கவனமாக ஓட்டுக” என்று வண்டியில் எழுதி ஒட்டுவது எளிது. தவறு நேரவே இடமில்லாதபடி பாகங்களை அமைப்பதே வடிவமைப்பாளரின் பணியாகும்.